நடுவில் விடுபட்ட காற்பங்கு

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை ஒருவன் சற்றும் சிந்தாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது புலமையில் காற்பங்கே. தன்னோடு பயில்வாரோடு கூடிப் பயில்வதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கும். கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் வந்து சேரும். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் போட்ட கணக்கு இது. தமிழ் முதுகலை வகுப்பில் இதை நடத்தும் எல்லோரும் மாணவர்க்குரிய அறிவுரையாகவே இதை நடத்துகிறோம். நானும் அப்படித்தான் நடத்தி வருகிறேன்.

ஆனால் இதை ஆசிரியர்க்குரிய கணக்காகவும் வாசிக்கலாம். அப்படி வாசிக்கத் தூண்டுவது பவணந்தியார் ஆளும் ஒரு சொல். உடன் பயில்வாரை அவர் 'அவ்வினையாளர்' என்கிறார். அந்த வினையைச் செய்பவர் என்பது பொருள். கற்பவனுக்கு அவ்வினையாளர் சக மாணாக்கர் என்றால், கற்பிப்பவனுக்கு அவ்வினையாளர் யார்? அடுத்த வகுப்பறையில் நிற்கும் சக ஆசிரியர்தானே?

நம் ஆசிரியர் ஒருவரின் தொழில்வாழ்வை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். முதற் காற்பங்கு பயிற்சிக் கல்லூரியில் கிடைத்துவிடுகிறது. கடைசி அரைப்பங்கை அவர் நாள்தோறும் வகுப்பில் தேடிக்கொள்கிறார். நடுவிலுள்ள காற்பங்கு, அதாவது தன் தொழிலைச் செய்யும் மற்றவர்களோடு கூடியிருந்து அந்தத் தொழிலையே பயில்வது, பணிக்காலம் முழுவதும் அவருக்கு வாய்ப்பதேயில்லை. முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெறும் ஒருவர், சக ஆசிரியர் ஒருவரின் பாடத்தை முழுதாக ஒருமுறைகூடப் பார்க்காமலே விடைபெற்றுப் போவது இங்கே இயல்பானது. அந்தக் காற்பங்கு எங்கே, எப்படி விடுபட்டது என்பதைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

*

இந்தக் காற்பங்கை விடாமல் காத்துவந்த நாடு ஜப்பான். அங்கே அதற்கு 'ஜுக்யோ கென்க்யூ' என்று பெயர். ஜுக்யோ என்றால் பாடம், கென்க்யூ என்றால் ஆய்வு. 'பாட ஆய்வு' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நடைமுறை எளிமையானது. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் கூடி, மாணவர்கள் இடறும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார்கள். பாடக்குறிப்பைப் பல அமர்வுகளில் கூடி எழுதுகிறார்கள். ஒருவர் தம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்த, மற்றவர்கள் குறிப்பேட்டோடு சுற்றி நின்று பார்க்கிறார்கள். அவர்கள் கவனிப்பது ஆசிரியரை அன்று, மாணவர்களை. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் திகைத்தது, யார் என்ன எழுதி அழித்தார்கள் என்பதெல்லாம் குறிக்கப்படுகிறது. பிறகு கூடிப் பேசுகிறார்கள். பாடம் நடத்தியவருக்கு முதற்பேச்சு. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட அறிஞர் ஒருவருக்குப் பெரும்பாலும் நிறைவுரை. சில சமயம் பாடத்தைத் திருத்தி வேறொருவர் வேறொரு வகுப்பில் மீண்டும் நடத்துவதும் உண்டு. பாடக்குறிப்பு கூட்டாக எழுதப்பட்டதால், பாடம் சறுக்கினால் சறுக்கியது எல்லாருடைய பாடமும்தான்.

இந்த முறையை வெளியுலகுக்கு விரிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் மகோட்டோ யோஷிடா. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக அவர் ஹிரோஷிமாப் பகுதித் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்த பாட ஆய்வைப் பின்தொடர்ந்தார். பாடம் முதல் வகுப்புக் கழித்தல். எந்த எண்களைக் கொண்டு தொடங்குவது என்பதே அங்கே விவாதப் பொருளானது. கடைசியில் 12இலிருந்து 7 என்று முடிவாயிற்று.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். 11இலிருந்து 2 என்று கொடுத்தால் பிள்ளை விரலை மடக்கிப் பின்னோக்கி எண்ணிவிடும், சிந்திக்க வேலையில்லை. 13இலிருந்து 9 என்றால் பத்திலிருந்து ஒன்பதைக் கழித்து மூன்றைக் கூட்டும் வழி ஒன்றே முன்னால் வந்து நிற்கும். 12இலிருந்து 7 என்னும்போது இரண்டு கதவுகள் திறக்கின்றன. பத்திலிருந்து ஏழு போக மூன்று, அதோடு இரண்டு சேர ஐந்து என்பது ஒரு வழி. ஏழை இரண்டாகவும் ஐந்தாகவும் பிரித்து, முதலில் இரண்டை நீக்கிப் பத்துக்கு வந்து, பிறகு ஐந்தை நீக்குவது மற்றொரு வழி. இரண்டு வழிகளும் ஒரே வகுப்பில் எழுந்தால் பிள்ளைகளுக்குள் பேச்சு நடக்கும். நாம் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடும் இடத்தில், ஆசிரியர்கள் கூடியமர்ந்து இரண்டு எண்களைத் தேடியிருக்கிறார்கள். இந்தத் தேடலே அவர்களுடைய கல்வி. இதை எந்தப் பயிற்சிக் கையேடும் அவர்களுக்குக் கொடுத்திருக்க முடியாது.

அதே 1999இல் ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் வெளியிட்ட நூல் இச்செய்தியை அமெரிக்காவெங்கும் கொண்டுசென்றது. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் படம்பிடிக்கப்பட்ட 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை ஒப்பிட்டவர்கள் அவர்கள். ஆசிரியர்களின் திறமையில் உள்ள வேறுபாட்டைவிட, கற்பிக்கும் வழக்கத்தில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாடே பெரிது என்பது அவர்கள் கண்ட முடிவு. கற்பித்தல் ஒரு பண்பாட்டு வழக்கம் என்றால், தனியொரு ஆசிரியரைத் திருத்தி அதை மாற்ற முடியாது. அவர்கள் கூடும் விதத்தை மாற்றவேண்டும்.

*

இது ஜப்பானியரின் தனிப்பட்ட குணத்தில் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வரலாறு வேறு கதை சொல்கிறது.

1872இல் ஜப்பான் தன் முதல் கல்விச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் டோக்கியோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே முதலில் கற்பித்தவர் மேரியன் ஸ்காட் என்னும் அமெரிக்கர். 1875இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட டாகாமினே ஹிடேயோ, ஆஸ்வீகோ பயிற்சிப் பள்ளியில் பெஸ்டலோஸியின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பினார். அந்தக் காலத்து மேலைநாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் 'விமர்சனப் பாடம்' என்றொரு வழக்கம் இருந்தது. பயிற்சி மாணவர் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்த்து அதன் நிறைகுறைகளைச் சொல்வார்கள். கிளாஸ்கோவில் 1837இல் டேவிட் ஸ்டோ நிறுவிய பயிற்சிப் பள்ளி இதற்குப் பேர்பெற்றது. இந்த வித்து ஜப்பானுக்குப் போனது. 1883இல் அங்கே வெளிவந்த கற்பித்தல் கையேடு ஒன்றில் பாடத்தை எவ்வாறு விமர்சிப்பது என்பதற்கான குறிப்புகள் இடம்பெற்றன.

இதே வித்து நமக்கும் வந்தது, ஜப்பானுக்கும் முன்பே. சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்ட ஆண்டு 1856. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று வளர்ந்தது அதுவே. விமர்சனப் பாடம் இன்றும் நம் பி.எட். படிப்பில் உயிரோடிருக்கிறது. மாணவ ஆசிரியர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து உற்றுநோக்கல் ஏட்டை நிரப்புவதைத் தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பள்ளியிலும் காணலாம். ஆனால் பட்டம் கைக்கு வந்த அன்றே அந்த ஏடு மூடப்படுகிறது. ஜப்பானில் அந்த வழக்கம் பயிற்சிப் பள்ளியின் வாசலைத் தாண்டிப் பணியிலிருக்கும் ஆசிரியரின் பள்ளிக்குள் போயிற்று. இங்கே வாசலிலேயே நின்றுவிட்டது.

காரணம், பணியிலிருக்கும் ஆசிரியரின் வகுப்புக்குள் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தவர் வேறொருவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கே நடைமுறையில் இருந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். ஆய்வாளர் வருவார்; பிள்ளைகளைச் சோதிப்பார்; எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம் வரும். இங்கிலாந்தில் 1862இல் வந்த முறையின் இந்திய வடிவம் அது. கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் 1904இல் அதைக் கைவிடச் சொன்னது. சட்டம் போயிற்று, அச்சம் போகவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றுவதும், முன்னமே ஒத்திகை பார்த்த கேள்வியையே மீண்டும் கேட்பதும் நம் பள்ளிகளின் வாய்மொழி வரலாறாகவே நிலைத்துவிட்டன. வகுப்புக்குள் வரும் வேற்றாள் தீர்ப்புச் சொல்ல வருகிறார் என்ற எண்ணம் நம் ஆசிரியரின் எலும்பில் ஊறியது. கதவு சாத்தப்பட்டது.

ஜப்பானிலும் போருக்கு முன் அதிகாரம் கடுமையாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் 1947இல் வெளியான பாடத்திட்டம் 'சோதனை வரைவு' என்னும் பெயரோடு வந்தது. ஆசிரியர்கள் தாமே ஆராய்ந்து வடிவமைக்க இடம் விட்டது. அதிகாரம் சற்று ஒதுங்கி நின்ற இடைவெளியில் பழைய வழக்கம் ஆசிரியர்களின் சொந்தச் சொத்தாயிற்று.

சென்னையின் வரலாற்றில் இன்னொரு பார்வையாளரும் உண்டு. 1789இல் எழும்பூர் அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், தமிழ்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் வளர்த்தெடுத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பாடத்தைக் கவனித்தவரின் பெயர் நமக்குத் தெரியும். கவனிக்கப்பட்ட திண்ணை ஆசிரியரின் பெயர் வரலாற்றில் இல்லை. கவனிக்கும் உரிமை ஒருவருக்கும், கவனிக்கப்படும் கடமை மற்றவருக்கும் என்று பிரிந்துவிட்டால் இப்படித்தான் முடியும். பாட ஆய்வு இந்தப் பிரிவை அழிக்கிறது. இன்று பார்ப்பவர் நாளை பார்க்கப்படுவார்.

*

புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய செம்மண் ஊரான குயிலாப்பாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் சிலர் கொள்வர். உப்பளத்தில் எதுவும் மறைவில் நடப்பதில்லை. பாத்தியின் தளத்தைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவது, நீரை எப்போது திறந்துவிடுவது, பூத்த உப்பை எந்தப் பதத்தில் வாருவது எல்லாம் திறந்த வெயிலில், வரப்பில் நிற்பவர் கண்முன் நடக்கின்றன. ஒருவர் பாத்தியில் உப்புச் சரியாகப் பூக்கவில்லை என்றால் பக்கத்துப் பாத்திக்காரர் பார்வையிலேயே காரணத்தைச் சொல்லிவிடுவார். தறிக்கூடமும் குயவர் வளாகமும் அப்படியே. இத்தனை தொழில்கள் திறந்தவெளியில் நடக்கும் ஊர்ப்புறத்தில், நான்கு சுவருக்குள் ஒளிந்து செய்யப்படும் ஒரே தொழிலாக ஆசிரியத் தொழில் ஆகிப்போனது விந்தையல்லவா?

குயிலாப்பாளையத்துக்கு இந்தப் பேச்சில் வேறொரு உரிமையும் உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது இவ்வூரை ஒட்டிய மண்ணில். அந்நகரின் கல்விச் சிந்தனைக்கு அடிப்படையாக அமைந்தவை அரவிந்தர் 1910இல் 'கர்மயோகின்' இதழில் எழுதிய கட்டுரைகள். எதையும் புகட்டிவிட முடியாது, ஆசிரியர் வழிகாட்டியே தவிர வேலைவாங்குபவர் அல்லர் என்பது அவற்றின் முதற்கருத்து. அதை ஏற்பவர் அடுத்த கேள்வியையும் ஏற்கவேண்டும். மாணவனுக்கே புகட்ட முடியாது என்றால் ஆசிரியருக்கு மட்டும் புகட்ட முடியுமா? பயிற்சி முகாமில் உட்காரவைத்து மூன்று நாள் சொற்பொழிவாற்றினால் அவர் மாறிவிடுவாரா?

*

இந்தியாவில் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்தவர்கள் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நட்புறவு மையம் என்னும் இரண்டு அமைப்புகள் அதை நடத்தின. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராம ஆசிரியர்களோடு அமர்ந்தார்கள். 1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982இல் பிறந்த ஏகலவ்யா நிறுவனம் பொறுப்பேற்றது.

அதன் உயிர்நாடி மாதக் கூட்டம். 'சங்கம்' என்ற பெயர் கொண்ட மையங்களில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, நடத்திய பாடத்தையும் சோதனைகளையும் பேசினார்கள். இந்தச் சோதனை என் வகுப்பில் வேலை செய்யவில்லை, இந்தக் கேள்விக்கு என் பிள்ளைகள் இப்படி விடை சொன்னார்கள் என்ற பேச்சுகள் திரண்டு, பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. அறிவியலாளர் ஆய்வாளராகவும் ஆசிரியர் ஆய்வுப்பொருளாகவும் நிற்காமல், இருவரும் ஒரே பாயில் அமர்ந்தார்கள். 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் வளர்ந்த ஒன்றுக்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது.

*

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைவழிக் கல்வியைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் சென்று கண்டார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராயிருந்த எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகளைத் தமிழுக்கும் நம் பாடத்திட்டத்துக்கும் ஏற்ப வடித்தவர்கள் ஆசிரியர்களே. கற்றல் ஏணி, பிள்ளைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் படைப்புகளைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல், ஆசிரியரும் தரையில் அமரும் பாய் என்று வகுப்பறையின் முகமே மாறியது. 13 பள்ளிகள் மாநகராட்சியின் 264 பள்ளிகளாயின. 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அது சென்றது.

வேகம் வியக்கத்தக்கது. ஆனால் எது பரவியது, எது பரவவில்லை என்று பிரித்துப் பார்க்கவேண்டும். அட்டைகள் பரவின. அட்டைகளை உருவாக்கக் கூடிய கூட்டம் பரவவில்லை. ஓர் அட்டையை எங்கே வைப்பது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று வாதாடிய தொடக்ககால ஆசிரியர்கள் அந்த வாதத்தில் கற்றது மிகுதி. மாவட்டங்களில் அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்ட ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வாதம் கிடைக்கவில்லை, அதன் விளைபொருள் மட்டுமே கிடைத்தது. நன்னூலின் கணக்கில் சொன்னால், மீண்டும் அவர்களுக்கு முதற் காற்பங்கே வழங்கப்பட்டது. பின்னர் அம்முறை எளிமையாக்கப்பட்டது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒவ்வொரு முறையும் புதிய பெட்டி, புதிய பயிற்சி.

கூடுவதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அனைவருக்கும் கல்வி இயக்கம் தந்த குறுவள மையங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார ஆசிரியர்கள் அங்கே கூடும் வழக்கமும் ஏற்பட்டது. சங்கத்துக்கு வேண்டிய நாளும் இடமும் ஆளும் அமைந்தன. ஆனால் அங்கே அமர்வதற்கு முன்பே சுற்றறிக்கை வந்து அமர்ந்துவிடுகிறது. பதிவேடும் புள்ளிவிவரமும் கேட்கப்படும் இடத்தில், 'என் வகுப்பில் இந்தப் பாடம் ஓடவில்லை' என்று ஒருவர் எப்படி வாய் திறப்பார்? 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்வளர்ச்சிப் பயிற்சியில் ஈடுபட எதிர்பார்க்கிறது. மணிக்கணக்கு இருக்கிறது, அந்த மணிகளில் பேசப்படுவது என்ன என்பதுதான் கேள்வி.

*

வெறுமே கூடினால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. பாட ஆய்வைச் சோதித்த ஆராய்ச்சிகள் இருவேறு முடிவுகளைத் தந்திருக்கின்றன. கேத்தரின் லூயிஸும் ரெபெக்கா பெரியும் அமெரிக்காவில் 39 ஆசிரியர் குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. பின்னங்களைப் பற்றிய நல்ல கணக்குகளும் குறிப்புகளும் கையில் கொடுக்கப்பட்டுப் பாட ஆய்வில் ஈடுபட்ட குழுக்களில், ஆசிரியர்களின் பின்ன அறிவும் கூடியது, மாணவர்களின் அறிவும் கூடியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் 181 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவும் வெளியானது. மாணவர்களின் கணிதத்திலோ வாசிப்பிலோ கூடுதல் முன்னேற்றம் காணப்படவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்த பள்ளிகள் சிலவற்றிலும் இதையொத்த வேலை நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறித்தார்கள்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்குப் படுவது இதுதான். கூடுவது வடிவம். கூடியவர்கள் முன்னால் வைத்துப் பேச ஒரு பொருள் வேண்டும். 12இலிருந்து 7 போன்ற ஒரு பொருள். ஒரு பிள்ளையின் நோட்டில் அடித்துத் திருத்திய ஒரு வரி. அது இல்லாவிட்டால் பாட ஆய்வும் இன்னொரு படிவமாகி, நிரப்பிக் கையொப்பமிட்டு அடுக்கப்படும். ஒரு மரபை அதன் சடங்கோடு இறக்குமதி செய்து, அதன் கேள்வியைக் கப்பலிலேயே விட்டுவிடுவதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு.

தமிழாசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். புணர்ச்சி விதிகளை மாணவர் ஏன் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்? ஒரு குறுந்தொகைப் பாடலை வகுப்பில் எந்தக் கேள்வியோடு திறந்தால் பிள்ளை தானே உள்ளே வருவான்? இந்தக் கேள்விகளுக்கு நாம் ஒவ்வொருவரும் இருபது முப்பது ஆண்டுகளாகத் தனித்தனியே விடை கண்டுபிடித்து, ஓய்வுபெறும்போது அவற்றை நம்மோடு எடுத்துக்கொண்டு போகிறோம். அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். நூல்களுக்கு உரைமரபு கண்ட மொழி இது. ஓர் உரையாசிரியர் முந்தைய உரையாசிரியரை எதிர்கொண்டு, ஏற்று, மறுத்து எழுதியதால்தான் இலக்கணம் நூற்றாண்டுகளாக உயிரோடு நின்றது. நூலுக்கு வாய்த்த அந்த மரபு பாடத்துக்கு வாய்க்கவில்லை.

அதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவைப்படாது. மாதம் ஒரு சனிக்கிழமையில், ஒரு குறுவள மையத்தில், சுற்றறிக்கையை ஒரு மணி நேரம் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பாடத்தை நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதலாம். திங்களன்று ஒருவர் நடத்த மூவர் பார்க்கலாம். பார்ப்பவர்கள் கையில் மதிப்பெண் தாள் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. கடைசி வரிசை நாற்காலியிலிருந்து ஆய்வாளரை எழுப்பி, அங்கே அவ்வினையாளரை அமர்த்தவேண்டும்.